அம்மாவை அக்குபங்சருக்கு அழைத்துப்போகும் முன்

அம்மாவின் முட்டி வலிக்காக தண்டையார்பேட்டையில் சீன முறை அக்குபங்சர் மையம் ஒன்றில் நேரம் வாங்கியிருக்கிறீர்கள். ஊசி என்றாலே அவருக்கு நடுக்கம், உள்ளே என்னதான் செய்வார்கள், பலன் இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவன் இல்லை. மணலிப் பக்கம் கன்டெய்னர் யார்டில் கணக்கு எழுதுகிறவன். எண்ணூர் விரைவுச் சாலையில் ட்ரெய்லர்களுக்கு நடுவே வருஷக்கணக்கில் பைக் ஓட்டினால் இடுப்பு என்ன கதிக்கு ஆளாகும் என்று வடசென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த இடுப்போடு இதே ஏரியாவில் ஒரு மையத்துக்குக் கொஞ்ச காலம் போய் வந்ததில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் ஊசி. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற ஊசி சுமார் 0.8 மில்லிமீட்டர் தடிமன். நடுவில் துளை இருக்கும், நுனி சாய்வாகச் சீவியிருக்கும். அக்குபங்சர் ஊசி பெரும்பாலும் 0.25 மில்லிமீட்டர்தான், துளையும் கிடையாது, மருந்தும் கிடையாது. ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாயைத் தோலில் வைத்து, அதற்குள் இருக்கும் ஊசியின் தலையை விரலால் ஒரு தட்டு. அவ்வளவுதான், உள்ளே போயிருக்கும். பல இடங்களில் போனதே தெரியாது. கைவிரல், பாதம் மாதிரி இடங்களில் சுருக்கென்று இருக்கும், உண்மைதான்.

ஆனால் அதற்கு அப்புறம்தான் விஷயமே. ஊசி இறங்கிய பிறகு அதை லேசாகத் திருகுவார்கள். அப்போது உள்ளே ஒரு கனம், ஒரு மதமதப்பு, சில சமயம் நரம்போடு கீழே ஓடுகிற மாதிரி ஒரு இழுப்பு வரும். சம்மணம் போட்டு வெகுநேரம் உட்கார்ந்து எழுந்தால் கால் மரத்திருக்குமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. சீனர்கள் இதை 'தே சி' என்பார்கள், சக்தி வந்து சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். எனக்குப் பார்த்த டாக்டரம்மா ஒவ்வொரு ஊசிக்கும் "கனமா இருக்கா சார்? எந்தப் பக்கம் ஓடுது?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். எரிச்சலோ கத்தி கீறுகிற மாதிரி வலியோ என்றால் உடனே சொல்லச் சொல்வார், கொஞ்சம் பின்னால் இழுத்து விடுவார். அம்மாவிடம் இதை முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள். தெரியாமல் போனால் அந்த மதமதப்பிலேயே பயந்து எழுந்துவிடுவார்கள்.

காலையில் அன்றைக்கு மட்டும் நாக்கு வழிக்க வேண்டாம். காபியும் வெற்றிலை பாக்கும் போவதற்கு முன்னால் வேண்டாம். நாக்கைப் பார்த்துத்தான் பாதி நோயைக் கணிப்பார்கள். மேலே படிந்திருக்கும் மாவு எவ்வளவு தடிமன், என்ன நிறம், ஓரத்தில் பல் பதிந்த தடம் இருக்கிறதா என்றெல்லாம் வெளிச்சத்தில் பார்ப்பார்கள். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியம்மா வெற்றிலைச் சிவப்போடு நாக்கை நீட்ட, டாக்டரம்மா சிரித்துவிட்டு, "ஆயா, நாளைக்கு வாயைக் கழுவிட்டு வா" என்று அனுப்பிவிட்டார்.

அப்புறம் நாடி. மணிக்கட்டில் மூன்று விரல் வைத்துப் பார்ப்பது நம் சித்த மருத்துவத்திலும் உண்டு, ஆனால் நாம் அங்கே வாதம், பித்தம், கபம் பார்ப்போம். சீன முறையில் இடது கையின் மூன்று இடத்துக்கு இதயம், கல்லீரல், சிறுநீரகம் என்றும், வலது கைக்கு நுரையீரல், மண்ணீரல், மறுபடி சிறுநீரகம் என்றும் கணக்கு. இதோடு தூக்கம், பசி, மலம், வியர்வை, மழைக்காலத்தில் வலி கூடுகிறதா என்று துருவித் துருவிக் கேட்பார்கள். முதல் நாள் இதற்கே நிறைய நேரம் ஆகும். அப்படிக் கேட்காமல் நேரே கட்டிலுக்குப் போகச் சொல்கிற இடம் என்றால் எனக்கு நம்பிக்கை வராது.

இங்கே ஒரு எச்சரிக்கை. "கிட்னி சக்தி குறைஞ்சிருக்கு" என்று சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள். கூட வந்திருந்த என் மனைவி முகம் வெளுத்து, மறுநாளே என்னை லேபுக்கு இழுத்துக்கொண்டு போய், கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்க வைத்தாள். நார்மல். சீன மருத்துவத்தில் இடுப்பும் முட்டியும் எலும்பும் சிறுநீரகக் கணக்கில் வரும். அவர்கள் சொல்லும் சிறுநீரகம் ஸ்கேனில் தெரிகிற உறுப்பு இல்லை, ஒரு செயல்பாட்டுக்கு வைத்திருக்கிற தலைப்பு. அம்மாவுக்கு முட்டி என்பதால் இந்த வசனத்தை நீங்களும் கேட்க வாய்ப்பு அதிகம். பதற வேண்டாம்.

ஊசி போடும் இடமும் ஆச்சரியமாக இருக்கும். உடம்பில் சக்தி ஓடுகிற பன்னிரண்டு பிரதான பாதைகள், முன்னும் பின்னும் நடுக்கோட்டில் இரண்டு, அவற்றின் மேல் 361 புள்ளிகள் என்பது அவர்கள் கணக்கு. வலிக்கிற இடத்தில்தான் போடுவார்கள் என்றில்லை. என் இடுப்புக்கு முழங்காலின் பின் மடிப்பில் நட்ட நடுவே ஒன்று போட்டார்கள். முட்டிக்கு என்றால் சுற்றிலும் சில, அதோடு முட்டிச்சில்லுக்குக் கீழே நான்கு விரல்கடை இறங்கி, எலும்பு விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளியே 'ஸூசான்லி' என்கிற புள்ளி. அந்த நான்கு விரல் டாக்டரின் விரல் இல்லை, நோயாளியின் விரல். ஒவ்வொரு உடம்புக்கும் அதன் விரலே அளவுகோல். என் கட்டைவிரல் அகலத்தை எடுத்து என் காலில் அளந்தபோதுதான் எனக்கு இந்த வைத்தியத்தின் மேல் ஒரு மரியாதை வந்தது.

ஊசிகள் குத்தி முடிந்ததும் இருபது, முப்பது நிமிஷம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். பலர் குறட்டை விடுவார்கள். மேலே சிவப்பு விளக்கு ஒன்றை வைத்து இளஞ்சூடு கொடுப்பதும் உண்டு. சில ஊசிகளில் கிளிப் மாட்டி மெல்லிய மின்சாரம் விட்டால் தசை டக் டக்கென்று துடிக்கும். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு அது ஆகாது. இன்னொன்று மாக்ஸா. நம்மூர் மாசிபத்திரியின் இனத்தைச் சேர்ந்த செடியின் இலையைக் காயவைத்துப் பஞ்சாக்கி, சுருட்டு மாதிரி சுற்றிப் பற்றவைத்து, தோலில் படாமல் கிட்டத்தில் காட்டுவார்கள். சூடு இதமாக இருக்கும், புகைதான் துணியெல்லாம் ஏறிவிடும். அம்மாவுக்கு சர்க்கரை இருந்து பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால், மாக்ஸா வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். சுட்டாலும் தெரியாது.

ஊசிகளை எடுக்கும்போது எண்ணி எடுக்கிறார்களா என்று பாருங்கள். நான் போன இடத்தில் போட்டது எத்தனை என்று சீட்டில் எழுதி, எடுக்கும்போது வாய்விட்டு எண்ணுவார்கள். ஊசி பாக்கெட்டை உங்கள் கண்ணெதிரே கிழிக்க வேண்டும், எடுத்த ஊசி மூடியுள்ள டப்பாவுக்குள் போக வேண்டும், மறுபடி யாருக்கும் போகக் கூடாது. இதில் சமரசமே வேண்டாம்.

வெறும் வயிற்றோடு போனால் சிலருக்கு ஊசியின்போது தலை சுற்றி, வியர்த்து, மயக்கம் வரும். இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். முதல் நாள் உட்காரவைக்காமல் படுக்கவைத்துப் போடச் சொல்லுங்கள். புடவையோ நைட்டியோ, முட்டிக்கு மேல் ஏற்ற வசதியாக இருக்க வேண்டும். திரை இருக்கிறதா என்று முன்பே கேட்டுவிடலாம். முடிந்ததும் ஒரு சொக்கு வரும், உடனே பைக்கில் ஏற்றாமல் ஆட்டோவோ மெட்ரோவோ பாருங்கள். ஓரிரு இடத்தில் சின்னதாக ரத்தம் கட்டி நீலம் பாரிக்கலாம். மறுநாள் வலி லேசாகக் கூடிக் குறைவதும் உண்டு. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதை முதலிலேயே சொல்ல வேண்டும்.

பலன் இருக்குமா? நேர்மையாகச் சொன்னால், ஆராய்ச்சி இதில் கொஞ்சம் வேடிக்கையானது. ஜெர்மனியில் இடுப்பு வலிக்காரர்கள் 1,162 பேரை வைத்து நடத்தி 2007இல் வெளியிட்ட ஒரு பெரிய ஆய்வில், ஆறு மாதம் கழித்து அக்குபங்சர் எடுத்தவர்களில் 47.6 சதவீதம் பேருக்கு முன்னேற்றம். மாத்திரை, பயிற்சி என்று வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களில் 27.4 சதவீதம்தான். பிரமாதம் என்று தோன்றும். ஆனால் புள்ளியே இல்லாத இடங்களில் மேலோட்டமாக ஒப்புக்குக் குத்தப்பட்டவர்களுக்கும் 44.2 சதவீதம். அப்படியானால் புள்ளியா, ஊசியா, கனிவாக நாடி பிடித்துப் பேசியதா? எனக்கு இடுப்பு குறைந்தது, எதனால் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். முட்டித் தேய்மானத்துக்கு அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர்களின் அமைப்பு தன் 2019ஆம் வருஷ வழிகாட்டுதலில் நிபந்தனையோடு சரி என்றது. 2022இல் இங்கிலாந்தின் அரசு வழிகாட்டுதல் வேண்டாம் என்றது. தேய்ந்த குருத்தெலும்பு வளராது, வலி குறையலாம், நடை கொஞ்சம் இலகுவாகலாம். அந்த அளவுக்கு மட்டும் அம்மாவிடம் சொல்லி வையுங்கள்.

ஒரே தடவையில் சரியாகும் என்று யாராவது சொன்னால் சந்தேகப்படுங்கள். வாரம் ஒன்றோ இரண்டோ முறை என்று, ஆறேழு தடவைக்குள் ஒரு மாற்றமாவது தெரிய வேண்டும். படியேறுவது, கீழே உட்கார்ந்து எழுவது, இரவில் வலியால் விழிப்பது, இந்த மூன்றையும் குறித்து வைத்தால் கண்கூடாகத் தெரியும். அதற்குப் பிறகும் அப்படியே இருந்தால் விட்டுவிடலாம். மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே பேக்கேஜ் என்று கட்டாதீர்கள்.

நம்மூரில் இன்னொரு குழப்பமும் உண்டு. தமிழ்நாட்டில் அக்குபங்சர் என்றால் பாதிப் பேருக்கு ஞாபகம் வருவது ஊசியே இல்லாமல் ஒரு புள்ளியை விரலால் தொட்டுவிட்டு அனுப்புகிற அக்கு ஹீலர்களைத்தான். நான் மேலே சொன்ன சீன முறை வேறு, அது வேறு. எதற்குப் போகிறோம் என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். ஊசி முறை இந்தியாவுக்கு வந்த வழியும் சுவையானது. 1938இல் ஜப்பானோடு போரில் இருந்த சீனாவுக்கு உதவ நாம் அனுப்பிய மருத்துவக் குழுவில் டாக்டர் துவாரகாநாத் கோட்னிஸோடு போன டாக்டர் பி.கே. பாசு, 1950களின் இறுதியில் மறுபடி சீனா போய் இதைக் கற்று வந்து கொல்கத்தாவில் ஆரம்பித்தார். மத்திய அரசு 2019இல் இதைத் தனி சிகிச்சை முறையாக அங்கீகரித்தது. ஆனாலும் கதவில் மாட்டியிருக்கும் பெயர்ப்பலகையை மட்டும் நம்பாமல், என்ன படித்தீர்கள், எங்கே என்று கேளுங்கள். எனக்குப் பார்த்தவர் ஐந்தரை வருஷ யோகா, இயற்கை மருத்துவப் பட்டம் முடித்தவர். கேட்டதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை, சான்றிதழைக் காட்டினார்.

யாராக இருந்தாலும் சரி, பிரஷர் மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் நிறுத்துங்கள் என்று சொன்னால், செருப்பை மாட்டிக்கொண்டு அம்மாவோடு கிளம்பிவிடுங்கள். என் தெருவில் அப்படி இன்சுலினை நிறுத்திய ஒருவரை ராத்திரியில் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறோம். முட்டி திடீரென்று வீங்கிச் சிவந்து காய்ச்சலும் வந்தால் அது ஊசிக்குக் காத்திருக்கும் விஷயம் இல்லை, நேரே ஸ்டான்லி மாதிரி ஒரு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இன்னும் எக்ஸ்ரே எடுக்கவில்லை என்றால் முதலில் எலும்பு டாக்டரிடம் காட்டி எடுத்துவிட்டு, அந்தப் படத்தையும் சாப்பிடும் மாத்திரைச் சீட்டையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். கூடவே மையம் எந்த மாடியில், லிஃப்ட் உண்டா என்றும் கேளுங்கள். நான் போனது இரண்டாவது மாடி, படி செங்குத்து, முட்டி வலிக்காரர்கள் பாதியிலேயே உட்கார்ந்திருப்பார்கள்.