நிதி திரட்டும் தளங்கள்: யார் கணக்குக் கேட்பது?

கேள்வி: ஒரு குழந்தையின் அறுவை சிகிச்சைக்கென்று இணையத்தில் பணம் அனுப்பினேன். குடும்பத்தார் அதை வேறு செலவுக்கு எடுத்துக்கொண்டதாகத் தெரிகிறது. திருப்பிக் கேட்க வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் பணம் யார் பெயருக்குப் போனது என்று முதலில் பாருங்கள். பதிவு பெற்ற அறக்கட்டளை என்றால் தணிக்கை, ஆண்டறிக்கை எல்லாம் இருக்கும். பதிவு கொடுத்த அமைப்பிடமே புகார் செய்யலாம். குடும்பமே தன் பெயரில் திரட்டியிருந்தால், பல நாடுகளில் அறக்கட்டளைச் சட்டம் அந்தப் பக்கமே வராது. தளத்தின் விதிகளும் பொதுவான மோசடிச் சட்டமும்தான் மிச்சம். இது பெரிய ஓட்டை.

சீனா இதை அடைக்க முயன்றிருக்கிறது. மகனின் சிகிச்சைக்கென 1.5 லட்சம் யுவானுக்கு மேல் திரட்டிய ஒரு தந்தை, குடும்பச் சொத்தை மறைத்திருந்தார். பணத்தையும் சொன்ன காரியத்துக்குச் செலவிடவில்லை. தளம் வழக்குப் போட்டது. முழுத் தொகையையும் வட்டியோடு திருப்பித் தரும்படி பெய்ஜிங்கின் சாவோயாங் நீதிமன்றம் 2019-ல் தீர்ப்பளித்தது. 2024 செப்டம்பர் 5-ல் நடைமுறைக்கு வந்த அறக்கொடைச் சட்டத் திருத்தமோ, தனிநபர் உதவி கேட்கும் தளங்களையும் அரசின் வரையறைக்குள் கொண்டுவந்து, தகவலைச் சரிபார்க்கும் கடமையை அவற்றின் மேல் வைத்தது.

நீங்கள் இன்றே செய்ய வேண்டியது, பணம் கேட்ட அந்த இணையப் பக்கத்தை முழுதாக ஸ்கிரீன்ஷாட் எடுப்பது. புகார் கிளம்பியதும் வாசகங்கள் மாறிவிடும். என்ன சொல்லிப் பணம் கேட்டார்கள் என்பதற்கு வேறு சாட்சி இருக்காது. ரசீதையும் சேர்த்துத் தளத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். இதுவரை எவ்வளவு எடுக்கப்பட்டது, எந்தக் கணக்குக்குப் போனது, மீதியை நிறுத்திவைப்பார்களா என்று எழுத்தில் கேளுங்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடமும் உடனே முறையிடுங்கள். அதற்குக் காலக்கெடு உண்டு. பொய் சொன்னதற்கு ஆதாரம் இருந்தால் காவல்துறைக்குப் போகலாம். சிகிச்சை பலிக்கவில்லை என்பது மட்டும் மோசடி ஆகாது.

கேள்வி: தளமே பணத்தைப் பிடித்துவைத்துக்கொண்டால்?

பதில்: கலிபோர்னியாவில் 2021-ல் இயற்றிய சட்டம் இதற்கு நல்ல மாதிரி. அறக்கொடை திரட்டும் தளங்கள் மாநில அட்டர்னி ஜெனரலிடம் பதிவு செய்து ஆண்டறிக்கை தர வேண்டும். நன்கொடையைத் தங்கள் சொந்தப் பணத்தோடு கலக்காமல் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். தளம் திவாலானால் உங்கள் பணத்தைக் காப்பது இந்தத் தனிக் கணக்குதான். எனவே பணம் அனுப்புமுன் தளத்தின் விதிகளில் இதைத் தேடிப் பாருங்கள். கட்டணம் எவ்வளவு, நிதி எத்தனை நாளில் போய்ச் சேரும் என்பவையும் அங்கே இருக்க வேண்டும். இல்லாவிட்டால், மருத்துவமனைக் கணக்குக்கே நேராகக் கட்டுங்கள்.