செக்குக்குப் பிறகு

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் மகளோடு கிண்டி காந்தி மண்டபத்துக்குப் போயிருந்தேன். வ.உ.சி. கோவைச் சிறையில் இழுத்த செக்கு அங்கே இருக்கிறது. நாங்கள் நின்ற அரைமணி நேரத்தில் அந்தப் பக்கம் வேறு யாரும் வரவில்லை. மனசு கனத்துவிட்டது. வேறு மாநிலத்தில் பிறந்திருந்தால் இப்படி விட்டிருப்பார்களா? அவருடைய பெயரை எங்கே வைத்தோம், சிலை எங்கே வைத்தோம்? சாதிக் கணக்கா, கட்சிக் கணக்கா, காந்தியோடு ஒத்துப்போகாததா, எதனால் இந்த நாடு அவரை மறந்தது? மகள் பள்ளி நாடகத்தில் வ.உ.சி.யாக நடிக்கிறாள். கடைசிக் காட்சிக்கு உணர்ச்சியாக நாலு வரி வசனம் தர முடியுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் அந்தச் செக்கின் முன்னால் நிறுத்தினீர்களே, அதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் சிலை எங்கே என்று கேட்பது எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. மெரினா கடற்கரையிலேயே அவர் நிற்கிறார். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு 2011இல் அவர் பெயரை வைத்தாகிவிட்டது. 1972இல் தபால்தலை வந்தது. ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. இவ்வளவையும் பார்க்காமலே மறந்துவிட்டோம் என்று எழுதுகிறீர்கள். வேறு மாநில ஒப்பீட்டை விடுங்கள், அதில் ஒன்றும் கிடைக்காது. சாதி, கட்சிக் கணக்கும் அப்படித்தான். காந்தியோடு முரண்பட்டது உண்மை. ஒத்துழையாமை அவருக்கு ஒப்பவில்லை, 1920இல் காங்கிரசை விட்டு விலகினார். ஆனால் ஊர் அவரைக் கைவிட்டது அதற்கும் முன்னால். அந்த இடத்தில்தான் உங்கள் கடிதம் என்னைத் தொட்டது.

பள்ளியில் நானும் அந்த நாடகத்தில் நடித்திருக்கிறேன், சிறைக் காவலனாக. கையில் சணல் சாட்டை. எண்ணெய்க் கடைத் தகரங்களையும் அட்டையையும் வைத்துச் செக்கு செய்திருந்தோம். வ.உ.சி.யாக நடித்தவன் தடுமாறி விழுவான், நான் சாட்டையைச் சொடுக்குவேன், திரை விழும். ஊரே அழுதது. நாடகம் முடிந்து மையை அழித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் மேடைக்குப் பின்னால் வந்தார். தமிழாசிரியரிடம், "சார், வெளிய வந்தப்புறம் அவரு என்ன செஞ்சாரு?" என்று கேட்டார். ஆசிரியர் சற்று நேரம் பேசவில்லை. "பாடத்துல அதுவரைக்கும்தாங்க இருக்கு" என்றார். பெரியவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். எனக்கு அந்தத் தலையாட்டல் இன்றுவரை மறக்கவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அவர் தொடங்கிய கப்பல் கம்பெனியான சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி 1906 அக்டோபரில் பதிவானது. 1908 மார்ச் 12இல் அவர் கைதானார். நடுவில் 17 மாதம். அந்தப் பதினேழு மாதத்தில் காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடின, தூத்துக்குடி கோரல் நூற்பாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து ஜெயித்தார்கள். அப்புறம் சிறை, ஐந்து வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. 1912 டிசம்பர் 24இல் விடுதலை. 1936 நவம்பர் 18இல் தூத்துக்குடியில் இறந்தார். இடையில் இருக்கிற ஏறத்தாழ 24 வருஷம் நம் நாடகங்களில் இல்லை.

ஏன் இல்லை? அந்தப் பதினேழு மாதமும் சிறையும் வெள்ளைக்காரனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகின்றன. இரண்டு ஆயுள் தண்டனை விதித்தவர் பின்ஹே என்ற வெள்ளைக்கார நீதிபதி, மேல்முறையீட்டில்தான் அது குறைந்தது. செக்கில் பூட்டியது அவர்களுடைய சிறை. நமக்கு அழுவது மட்டும்தான் வேலை. ஆனால் வெளியே வந்த மனிதர் சென்னையில் அரிசியும் நெய்யும் விற்றுப் பார்த்துத் தோற்றாரே, அந்தக் காட்சியை மேடையேற்றினால் யாரைக் காவலனாக நிறுத்துவது? நம்மைத்தான் நிறுத்த வேண்டும்.

கம்பெனியின் மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பங்கு வாங்கியவர்களில் பெரிய வணிகர்களும் இருந்தார்கள், வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்தவர்களும் இருந்தார்கள். வெள்ளைக்காரர்களின் எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, பிறகு பயணிகளைச் சும்மாவே ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்தது என்று சொல்வார்கள். அதையும் தாண்டி ஓடிய கப்பல்கள், அவர் உள்ளே போனதும் நின்றுவிட்டன. 1911இல் கம்பெனியைக் கலைத்தார்கள். அவரைக் கைது செய்ததற்காக நெல்லையில் கடையடைத்தார்கள், துப்பாக்கிச் சூட்டில் நாலு பேர் செத்தார்கள். ஒரு நாள் கோபத்துக்கு உயிரையே கொடுத்த ஊருக்கு, மூன்று வருஷம் ஒரு கம்பெனியைக் காப்பாற்றிவைக்க முடியவில்லை. விடுதலையாகி வந்தவருக்குக் கப்பலும் இல்லை, வக்கீல் தொழில் செய்ய அனுமதிக்கும் சன்னதும் இல்லை.

அப்போது தென்னாப்பிரிக்காவிலிருந்த தமிழர்கள் அவருக்கென்று கொஞ்சம் பணம் திரட்டிக் காந்தியிடம் கொடுத்திருந்தார்கள். அந்தப் பணத்துக்காக 1915, 16இல் இருவருக்கும் நடந்த கடிதப் போக்குவரத்தைப் படித்துப் பாருங்கள். தொகை 347 ரூபாய். பத்து லட்ச ரூபாய்க் கம்பெனி நடத்தியவர் அந்தத் தொகைக்காகத் தபாலை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். இதைக் காந்தியைக் குறைசொல்லப் பயன்படுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கடல் தாண்டியாவது நாலு பேர் நினைத்தார்கள். தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் இருந்தவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

சன்னதைத் திரும்பப் பெற உதவியவர் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி. அந்த நன்றிக்காகத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். வெள்ளைக்காரனை எதிர்த்துச் செக்கிழுத்தவர், உதவிய வெள்ளைக்காரரைத் தன் பிள்ளையின் பெயராக வீட்டுக்குள் கொண்டுவந்தார். எவ்வளவு பெரிய மனசு! அவருக்கு நன்றி தெரிந்திருந்தது. இவ்வளவு நெருக்கடியிலும் தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையைப் பதிப்பித்தார், குறளுக்கு உரை எழுதினார். சாவதற்குமுன் எழுதிய உயிலில் ஜவுளிக்கடைப் பாக்கிவரை எழுதிவைத்திருக்கிறார். வாங்கிய கடனைத் தீர்க்காமல் போகிறோமே என்று ஒரு மனிதர் கவலைப்பட்டிருக்கிறார், நமக்கு அந்தக் கவலை அவர் விஷயத்தில் வரவேயில்லை.

சீக்கிரமே உயிரைக் கொடுத்துவிட்டவர்களைக் கொண்டாடுவது நமக்குச் சுலபம், ஏனென்றால் அவர்கள் மறுநாள் வந்து அரிசிக்குக் காசு கேட்கப்போவதில்லை. வ.உ.சி. உயிரோடு திரும்பி வந்தார், ஐம்பது வயதையும் அறுபது வயதையும் நம் கண்ணெதிரே வாழ்ந்தார். மறதி அப்போதே நடந்து முடிந்துவிட்டது. பிறகு வைத்த சிலைகளைக் குறைசொல்லவில்லை, அவை தாமதமாக வந்தன என்றுதான் சொல்கிறேன்.

வசனம் கேட்டிருந்தீர்கள். நான் எழுதித் தரமாட்டேன். செக்கோடு திரையை இறக்காதீர்கள், அது மட்டும்தான் என் வேண்டுகோள். அதற்குப் பிறகு ஒரு காட்சி வையுங்கள். சென்னையில் ஒரு சின்னக் கடை, தராசு, நெய்ப் பானை. உங்கள் மகள் கல்லாவில் உட்கார்ந்திருக்கட்டும். மற்றப் பிள்ளைகள் ஒவ்வொருவராக அந்தக் கடையைக் கடந்து போகட்டும், யாரும் நின்று திரும்பிப் பார்க்க வேண்டாம். அவளுக்கு அந்தக் காட்சியில் வசனமே தேவைப்படாது. ஒத்திகை எப்போது என்று எழுதுங்கள், முடிந்தால் வருகிறேன்.