சைரன் அடித்ததும் ஓடுவதுதான் ஆயத்தமா?

வணக்கம் ஐயா,

சீனன்குடா எண்ணெய்க் குதங்களைப் பற்றி எழுதியபோது ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியக் குண்டுவீச்சு வரப்போகிறது என்று தெரிந்து முதல்நாள் இரவே திருமலையை விட்டு வெளிக்கிட்ட கப்பல் அல்லவா? பிறகு ஏன் மூழ்கியது? ஆட்கள் ஆயத்தமாக இருக்கவில்லையா? படங்களில் சைரன் அடித்ததும் ஓடுகிறார்களே, அவ்வளவுதானா ஆயத்தம்? கப்பலை இப்போது பார்க்கலாமா?

வாசகி, உவர்மலை

அன்புள்ள வாசகிக்கு,

ஓட்டம் கடைசியில் வருவது. அதற்கு முதல் பார்க்க வேண்டியது ஆட்களின் நித்திரையை. பிரித்தானியக் கடற்படை ஆயத்தத்தைப் பல படிகளாகப் பிரித்து வைத்திருந்தது. முதற்படியில் கப்பலில் உள்ள அத்தனை பேரும் அவரவர் போரிடத்தில் நிற்பார்கள். மூன்றாம் படியில் ஒரு பகுதியினர் பீரங்கியடியில் நிற்க, மற்றவர்கள் சாப்பிடலாம், படுக்கலாம். நாட்கணக்காக முதற்படியிலேயே நிறுத்தினால் எதிரி வருகிற நேரம் ஆள் கண்ணயர்ந்துவிடுவான். அதனால்தான் விடியப்புறமும் பொழுதுபடும் நேரமும் மட்டும் எல்லாரையும் எழுப்பி நிறுத்தும் வழக்கம் இருந்தது.

முதற்படி என்றதும் நீர்புகாக் கதவுகளை இழுத்து மூடிப் பிடிகளை இறுக்குவார்கள். நம் சித்திரை வெக்கையில் கீழ்த்தட்டு எப்படிப் புழுங்கியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்! அதற்குள் தலை, முகம், கை எல்லாவற்றையும் மூடும் வெள்ளைத்துணி உறை வேறு. குண்டு வெடிக்கும்போது வரும் சுவாலை ஒரு கணம் பட்டாலே தோல் வெந்துவிடும். உடுப்பும் தோய்த்ததாக இருக்க வேண்டும். அழுக்குத் துணி காயத்துக்குள் போனால் சீழ் பிடிக்கும். சாப்பாடு, நின்ற இடத்திலேயே சாண்ட்விச்சும் கொக்கோவும்.

ஆயத்தம் என்று செய்ததே உயிரை வாங்கியதும் உண்டு. 1916இல், முதலாம் உலகப் போரின் ஜட்லாந்துக் கடற்சண்டையில், வேகமாகச் சுட வேண்டுமென்று வெடிமருந்துப் பொதிகளைக் கிடங்குக்கு வெளியே அடுக்கி, தீத்தடுப்புக் கதவுகளையும் திறந்தே விட்டிருந்தார்கள். அங்கே மூன்று பிரித்தானியப் போர்க்கப்பல்கள் வெடித்துச் சிதறியதற்கு இதையே முக்கிய காரணமாகச் சொல்கிறார்கள்.

ஹேர்மிஸின் கதை வேறு. 1942 ஏப்ரல் 9 காலை, மட்டக்களப்புக் கடலில் ஜப்பானிய வேவு விமானம் அதைக் கண்டுபிடித்தது. ஆட்கள் கடைசிவரை சுட்டார்கள். ஆனால் விமானந்தாங்கிக் கப்பலில் ஒரு விமானம்கூட இல்லை! அவை கரையில் நின்றன. கரையிலிருந்து வரவேண்டிய சண்டை விமானங்களும் நேரத்துக்கு வந்து சேரவில்லை. குண்டுமழையில் சில நிமிடங்களிலேயே கப்பல் போய்விட்டது. 300க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கூட வந்த வாம்பயர் கப்பலும் தப்பவில்லை. உயிர் தப்பியவர்களை வீட்டா என்ற மருத்துவக் கப்பல் ஏற்றிக்கொண்டது.

துறைமுகத்தை விட்டு வெளியேற்றியதை நான் குறை சொல்லமாட்டேன். உள்ளே நின்ற சகாயிங் கப்பல் எரிந்தே போனது. வானத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு விமானமும் இல்லாமல் அனுப்பியதுதான் பிழை. அதைக் கப்பலில் நின்றவர்கள் தலையில் போட முடியாது.

பார்க்கலாமா என்று கேட்டீர்கள். கல்லடிக்கு அப்பால் 50 மீட்டருக்கும் கூடிய ஆழத்தில் கிடக்கிறது. ஆழ்கடலில் நல்ல பயிற்சியுள்ள சுழியோடிகள் போய்வருகிறார்கள். புதிதாகப் பழகுபவர்கள் ஆசைப்படக்கூடாத ஆழம் அது.