பிரெக்ஸிட் வாக்கெடுப்பில் கிடைத்த 52 சதவீதத்தை மக்கள் தீர்ப்பாக ஏற்றது சரியா?

ஏற்றது சரிதான் என்பது என் உறுதியான கருத்து. 2016 ஜூன் 23 அன்று பிரிட்டனில் வாக்காளர்களில் 72 சதவீதத்தினர் வாக்களித்தார்கள்; ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலக வேண்டும் என்றவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 74 லட்சம் பேர், நீடிக்க வேண்டும் என்றவர்கள் 1 கோடியே 61 லட்சம் பேர். ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டமன்றம் அமைப்பது பற்றி 1979இல் நடந்த வாக்கெடுப்பில், மொத்த வாக்காளர்களில் 40 சதவீதத்தினராவது ஆதரிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்ததால், பெரும்பான்மை கிடைத்தும் அத்திட்டம் நிறைவேறவில்லை. 2015இல் இயற்றிய வாக்கெடுப்புச் சட்டத்தில் நாடாளுமன்றம் அப்படி எந்த வரம்பையும் வைக்கவில்லை. வைத்திருந்தால் விலகல் தரப்பு அதைத் தாண்டியிருக்காது என்பது உண்மையே. ஆனால் முடிவு வெளியான பிறகு புதிதாக ஒரு வரம்பைத் தேடுவது வாக்களித்தவர்களுக்குச் செய்யும் அநீதி.

நான் குறையாகக் கருதுவது வாக்குச்சீட்டில் இருந்த கேள்வியை. நீடிப்பதா, விலகுவதா என்று மட்டுமே அது கேட்டது. நார்வேயைப் போல வெளியே இருந்துகொண்டே, சரக்கும் ஆட்களும் தடையின்றிச் சென்றுவரும் ஒற்றைச் சந்தையில் பங்குபெறுவதும் விலகல்தான்; உறுப்பு நாடுகளுக்கு இடையே சுங்க வரி இல்லாத சுங்க ஒன்றியத்தையும் சேர்த்து அனைத்தையும் துறப்பதும் விலகல்தான். 2014இல் ஸ்காட்லாந்து விடுதலை குறித்து வாக்கெடுப்பு நடந்தபோது, பிரிந்தால் நாணயம், ஓய்வூதியம், பாதுகாப்பு ஆகியவை எவ்வாறு அமையும் என்பதை 600 பக்கங்களுக்கு மேற்பட்ட வெள்ளை அறிக்கையாக ஸ்காட்லாந்து அரசு முன்கூட்டியே வெளியிட்டது. அதன் கணக்குகளை ஏற்காதவர்கள்கூட எதை மறுக்கிறோம் என்று அறிந்து மறுத்தார்கள். பிரதமர் டேவிட் கேமரனோ நீடிப்பதற்காகப் பிரசாரம் செய்தவர். விலகலுக்கு அவரது அரசிடம் திட்டமே இல்லை.

இதன் விலையை அதிகம் கொடுத்தது பிரிட்டனின் ஒரு பகுதியான வட அயர்லாந்து. அங்கு ஏறத்தாழ 56 சதவீதத்தினர் நீடிக்கவே வாக்களித்திருந்தனர். பல்லாண்டுக்கால வன்முறையை முடித்துவைத்த 1998ஆம் ஆண்டின் புனித வெள்ளி ஒப்பந்தத்துக்குப் பின், ஐரோப்பிய ஒன்றிய உறுப்பு நாடான அயர்லாந்துக் குடியரசுடனான எல்லையில் சோதனைச் சாவடி எதுவும் இல்லாமல் மக்கள் வேலைக்கும் பள்ளிக்கும் இருபுறமும் போய்வந்தார்கள். பிரிட்டன் சுங்க ஒன்றியத்தையும் ஒற்றைச் சந்தையையும் விட்டு வெளியேறினால், சரக்குகளை எங்காவது ஓரிடத்தில் சோதித்தே ஆக வேண்டும். நிலத்து எல்லையில் சோதித்தால் அமைதிக்கு ஆபத்து. வட அயர்லாந்தை பிரிட்டனின் மற்ற பகுதிகளிலிருந்து பிரிக்கும் கடல் வழியில் சோதித்தால் ஒரே நாட்டின் இரு பகுதிகளுக்கு நடுவே தடுப்பு எழுகிறது. வாக்குச்சாவடிக்குப் போன பெரும்பாலோரிடம் இந்தக் கேள்வியை எவரும் தெளிவாக வைக்கவில்லை என்பது எனக்கு இன்றும் பொறுக்க முடியாத செய்தி.

கேமரனுக்குப் பின் பிரதமரான தெரேசா மேயின் விலகல் உடன்படிக்கையை 2019 ஜனவரியில் நாடாளுமன்றம் 432க்கு 202 என்ற கணக்கில் நிராகரித்ததற்கு இந்த எல்லைச் சிக்கல் ஒரு முக்கியக் காரணம். அடுத்து வந்த போரிஸ் ஜான்சன் கடல் வழிச் சோதனையை ஏற்று, 2020 ஜனவரி 31 அன்று நாட்டை ஒன்றியத்திலிருந்து வெளியே கொண்டுவந்தார். அந்தச் சோதனையை எதிர்த்து 2022 பிப்ரவரியில் பிரிட்டனுடன் இணைந்திருப்பதை ஆதரிக்கும் ஜனநாயக ஒன்றியவாதக் கட்சி வட அயர்லாந்து ஆட்சியிலிருந்து விலகியது. இடையில் 2023இல் பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் செய்துகொண்ட விண்ட்சர் உடன்பாடு சோதனைகளைத் தளர்த்தியும், அங்கு கட்சிகள் அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஆட்சி மீண்டும் அமைய 2024 பிப்ரவரி வரை ஆயிற்று.