ஒருவர் சேமித்ததை மற்றவர் திருத்த முடியவில்லையா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் டிடிபி வேலை செய்கிறோம். ஒரே லினக்ஸ் கணினி, மூன்று பேருக்கும் தனித்தனி லாகின். கோயில் நோட்டீஸில் மலையாளப் பக்கத்தை ஒருவர் அடிப்பார், தமிழ்ப் பக்கத்தை இன்னொருவர். ஒருவர் சேமித்த ஃபைல் மற்றவருக்குத் திறக்கிறது, திருத்த முடிவதில்லை. ஃபோல்டர் முழுக்க 777 (உரிமையாளர், குரூப், மற்றவர் எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) கொடுத்தும் புது ஃபைல்களில் அதே தொல்லை.

பதில்: நீங்கள் கொடுத்த 777 அன்று இருந்த ஃபைல்களோடு முடிந்தது. புது ஃபைல் பிறக்கும்போது குரூப் அதை உருவாக்கியவருடையது, அனுமதி அவருடைய உமாஸ்க் (புது ஃபைலில் எந்த அனுமதிகளைக் கழிப்பது என்ற அமைப்பு) விட்ட மிச்சம். உமாஸ்க் 022 என்றால் ஃபைல் 644. குரூப்புக்குப் படிக்க மட்டும்தான்.

பொது ஃபோல்டரை யாருடைய ஹோமிலும் (அவரவர் சொந்த ஃபோல்டர்) வைக்காதீர்கள். உபுண்டு 21.04 முதல் புதிய ஹோம்கள் 750. மற்றவர் வாசலையே தாண்ட முடியாது. டிஸ்க்கின் மேல்மட்டத்தில் உள்ள எஸ்ஆர்வி ஃபோல்டரின் கீழ் வையுங்கள்.

பிரஸ் என்று ஒரு குரூப் தொடங்கி, யூசர்மாட் கட்டளையில் சின்ன ஏ, பெரிய ஜி இரண்டும் போட்டு மூவரையும் சேருங்கள். சின்ன ஏ-வை விட்டால் அவர் இருந்த மற்ற குரூப்கள் போய்விடும், நிர்வாகி உரிமை தரும் சூடோ உட்பட. பிறகு லாக்அவுட் செய்து மறுபடி உள்ளே வரவேண்டும்; பலர் இங்கேதான் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். ஐடி என்று தட்டினால் பிரஸ் தெரிய வேண்டும்.

அடுத்து சிஎச்ஜிஆர்பி -ஆர் (பெரிய ஆர்) கொண்டு எல்லாவற்றையும் பிரஸ் குரூப்புக்கு மாற்றுங்கள். ஃபைண்ட் கட்டளையோடு சிஎச்மாட் சேர்த்து ஃபோல்டர்களுக்கு 2770, ஃபைல்களுக்கு 660 என்று தனித்தனியாகக் கொடுங்கள். சிஎச்மாடில் வழக்கமான பெரிய எக்ஸ் குறுக்குவழி (ஃபோல்டர்களுக்கும், ஏற்கெனவே இயக்க அனுமதி உள்ள ஃபைல்களுக்கும் மட்டும் அதைக் கொடுப்பது) உங்களுக்கு உதவாது: 777-ஆல் எல்லா ஃபைலிலும் இயக்க அனுமதி ஏறிவிட்டது, அது அப்படியே தங்கிவிடும். முன்னால் நிற்கும் 2-தான் செட்ஜிட். இனி உள்ளே பிறப்பதெல்லாம் பிரஸ் குரூப்பில் பிறக்கும். எல்எஸ் -எல்டி பார்த்தால் குரூப் பகுதியில் எக்ஸ் இடத்தில் சின்ன எஸ் நிற்கும். பெரிய எஸ் என்றால் குரூப்பின் எக்ஸ் விடுபட்டிருக்கிறது.

எழுதும் அனுமதி இன்னும் வரவில்லை. ஆளுக்கு ஆள் உமாஸ்க் மாற்றுவதைவிட ஏசிஎல் (ஃபோல்டரிலேயே எழுதிவைக்கும் அனுமதிப் பட்டியல்) நல்லது: செட்எஃப்ஏசிஎல் -ஆர் -டி -எம் ஜி::ஆர்டபிள்யூஎக்ஸ், பின் ஃபோல்டர் பெயர் (-ஆர் மட்டும் பெரிய எழுத்து, மற்றவை சின்னவை). இயல்பு ஏசிஎல் உள்ள இடத்தில் உமாஸ்க் செல்லாது.

இத்தனைக்குப் பிறகும் ஒரு ஃபைல் அடம்பிடித்தால், அது டவுன்லோட்ஸிலிருந்து இழுத்துப் போட்டதாக இருக்கும். ஒரே டிஸ்க்கில் நகர்த்தினால் பழைய குரூப், பழைய அனுமதியோடே வரும். காப்பி செய்தால் பிரஸ் குரூப் கிடைக்கும், ஆனால் அனுமதி மூல ஃபைலைத் தாண்டாது; அதற்கும் 660 கொடுங்கள்.