இங்கிலாந்துக் கிராமப்புறங்களில் தனியாகச் சைக்கிளில் சுற்றி, கூடாரம் போட்டுத் தங்க முடியுமா? என்னென்ன தேவை?

முடியும். ஆனால் இந்தக் கேள்விக்கு "இருட்டுகிற இடத்தில் கூடாரம் அடித்துக்கொள்ளலாம், யாரும் கேட்கமாட்டார்கள்" என்று சிலர் பதில் சொல்வதைப் பார்க்கும்போது பேசாமல் இருக்க முடியவில்லை. அது ஸ்காட்லாந்துக்குத்தான் பொருந்தும். அங்கே 2003-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் அந்த உரிமையைக் கொடுக்கிறது. இங்கிலாந்தில் நிலத்துக்காரரின் அனுமதி வேண்டும். தென்மேற்கே டெவன் பகுதியில் உள்ள டார்ட்மூர் மேட்டுநிலம் மட்டும் விதிவிலக்கு. அங்கே பொதுமேய்ச்சல் நிலத்தில் கூடாரம் போட 1985-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது என்பதை, நீண்ட வழக்குக்குப் பிறகு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அங்கும் எல்லாப் பகுதியிலும் அனுமதி இல்லை. சைக்கிளைச் சாலையிலும் குதிரைப் பாதையிலும்தான் ஓட்டலாம், திறந்த மேட்டில் இஷ்டத்துக்கு விடக் கூடாது.

நீங்கள் படிக்கவோ வேலைக்கோ வந்து லண்டன் பக்கமோ லெஸ்டர் பக்கமோ இருக்கிறீர்கள், கையில் ஒரு சாதாரண ஹைப்ரிட் சைக்கிள் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். முதலில் ராத்திரி தங்கும் இடங்களை வரைபடத்தில் குறியுங்கள். அப்புறம் அவற்றைச் சேர்த்து வழி போடுங்கள். பல கேம்ப்சைட்டுகள் கேரவனுக்கு மட்டுமே, கூடாரத்துக்கு இடம் தராது. வார இறுதியில் குறைந்தது இரண்டு இரவு தங்க வேண்டும் என்பவையும் உண்டு. மே, ஆகஸ்ட் மாதங்களின் கடைசித் திங்கட்கிழமை பொது விடுமுறை என்பதால் அதையொட்டிய நாட்களில் எல்லாம் நிரம்பிவிடும். இணையத்தில் 'இடமில்லை' என்று காட்டினாலும் ஒரு முறை போன் செய்யுங்கள். "ஒரு ஆள், ஒரு சைக்கிள், சின்னக் கூடாரம், கார் கிடையாது" என்று சொன்னால் வேலியோரம் ஒரு மூலையை ஒதுக்கித் தருகிறவர்கள் நிறைய. பண்ணை வைத்திருப்பவர்களிடம் நேரில் கேட்பதாக இருந்தால் வெளிச்சம் இருக்கும்போதே கேளுங்கள்.

முதல் பயணத்துக்கு வே ஆஃப் தி ரோஸஸ் என்ற சைக்கிள் வழியைச் சொல்வேன். மேற்குக் கரையில் மோர்கம், கிழக்குக் கரையில் பிரிட்லிங்டன், நடுவில் லங்காஸ்டர், செட்டில், ரிப்பன், யார்க். மொத்தம் 170 மைல், ஏறக்குறைய 273 கிலோமீட்டர். இரண்டு முனையிலும் ரயில் நிலையம் இருக்கிறது. மேற்கிலிருந்து கிழக்கே போங்கள். இந்த நாட்டில் பெரும்பாலும் மேற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோதான் காற்று வீசும். நாள் முழுக்க எதிர்க்காற்றில் மிதிப்பது மேடு ஏறுவதைவிடக் கொடுமை. ஒரு நாளைக்கு 60 கிலோமீட்டர் போதும். டெவன், கார்ன்வால் பக்கம் போனால் 45-ஐத் தாண்டத் திட்டமிடாதீர்கள். அங்கே சந்துச் சாலைகள் ஒவ்வொரு ஓடைக்கும் நேராக இறங்கி நேராக ஏறும். ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற அரசு நிறுவனத்தின் வரைபடத்தில் சாலைக்குக் குறுக்கே ஒற்றை அம்புமுனை இருந்தால் 14 முதல் 20 சதவீதச் சரிவு, இரட்டை இருந்தால் அதற்கும் மேல். இரட்டை அம்பு கண்ட இடத்தில் சுமையோடு பெரும்பாலானவர்கள் இறங்கித் தள்ளுவார்கள். அதில் ஒரு குறைவும் இல்லை.

சைக்கிளில் நான் விட்டுக்கொடுக்காத ஒன்று கியர். முன்பக்கச் சிறிய பல்சக்கரத்தைவிடப் பின்பக்கப் பெரிய பல்சக்கரத்தில் பல் அதிகம் இருக்க வேண்டும். முன்னால் 26, பின்னால் 36 என்றால் நிம்மதி. பின்சக்கரத்தில் 32 அல்லது 36 ஸ்போக்ஸ் கம்பி இருக்கட்டும். கம்பி அறுந்தால் பெரும்பாலும் கியர் பக்கத்தில்தான் அறும், ஏனென்றால் அந்தப் பக்கக் கம்பிகளில்தான் இழுவிசை அதிகம், பாரமும் பெரும்பாலும் பின்சக்கரத்தின் மேல். கேசட்டை, அதாவது பின்பக்கப் பல்சக்கரத் தொகுதியைக் கழற்றாமல் அதை மாற்ற முடியாது, ஆகவே அவசரத்துக்குக் கட்டும் கெவ்லர் இழைக் கம்பி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கேரியரின் எம்5 போல்ட்டுகள் அதிர்வில் தளரும். தினமும் சாயங்காலம் 4 மில்லிமீட்டர் ஆலன் கீயால் ஒரு சுற்றுப் பாருங்கள், உபரியாக இரண்டு போல்ட் வைத்திருங்கள். சக்கர வளையத்தைப் பிடிக்கும் ரிம் பிரேக் என்றால் ஒரு ஜோடி பிரேக் கட்டையும் அவசியம். மழையில் சாலைமணல் கட்டையை அரைத்துத் தள்ளிவிடும். இதே வழியில் கிரீன்ஹவ் மேட்டிலிருந்து பேட்லி பிரிட்ஜ் ஊருக்கு இறங்கும் செங்குத்தான சாலையில்தான் கட்டை தேய்ந்துபோனது தெரியவரக் கூடாது.

சாமான் 12 முதல் 15 கிலோவுக்குள் அடங்க வேண்டும், தண்ணீரும் சாப்பாடும் தனி. இதிலே பாதி எடையில் போய்வந்தவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் மே மாத இரவில் குளிர் 3, 4 டிகிரிக்கு இறங்கும் நாடு இது. முதல் தடவை போகிறவர் படுக்கையில் எடை குறைத்தால் தூக்கம் போய்விடும். உறக்கப் பையில் 'கம்ஃபர்ட்' என்று போட்டிருக்கும் வெப்பநிலை 0 முதல் 5 டிகிரிக்குள் இருக்கட்டும், தாங்கக்கூடிய எல்லையைச் சொல்லும் 'லிமிட்' என்ற எண்ணை நம்பி வாங்காதீர்கள். கீழே விரிக்கும் மெத்தை தரைக்குளிரை எவ்வளவு தடுக்கும் என்று சொல்லும் ஆர் மதிப்பு (R-value) குறைந்தது 2.5 வேண்டும். பள்ளத்திலும் ஆற்றோரத்திலும் குளிர்காற்று வந்து தேங்கும், விடியும்போது கூடாரத்தின் உள்பக்கமெல்லாம் நீர் கோத்திருக்கும். சற்று மேடான இடமாகப் பார்த்து, காற்றுத் துவாரத்தைத் திறந்து வையுங்கள்.

பஞ்சர் விஷயத்தில் மாதம் முக்கியம். மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை பண்ணைகள் உயிர்வேலிகளை வெட்டத் தடை. செப்டம்பர் பிறந்ததும் டிராக்டர் இயந்திரத்தால் வெட்டித் தள்ளுவார்கள், ஹாதார்ன் முள் சாலை முழுக்கக் கிடக்கும். அந்தச் சமயத்தில் 35 மில்லிமீட்டருக்குக் குறையாத, பஞ்சர் தடுப்புப் பட்டை உள்ள டயர் போடுங்கள். டியூபை மாற்றுமுன் டயரின் உள்பக்கத்தைத் துணியால் துடைத்துப் பாருங்கள். முறிந்த முள்முனை உள்ளேயே நின்றிருந்தால் புது டியூபும் பத்து நிமிஷத்தில் போகும்.

வழிகாட்டிக் கம்பத்தில் மஞ்சள் அம்பு நடைபாதை, அங்கே ஓட்ட உரிமை இல்லை. நீல அம்பு குதிரைப் பாதை, அதில் ஓட்டலாம், நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும். வரைபடத்தில் அழகாகத் தெரியும் குதிரைப் பாதை மழைக்குப் பிறகு களிமண் சேறாகி மட்கார்டை அடைத்துவிடும். ஒரு வண்டி மட்டும் போகும் அகலமுள்ள கிராமச் சாலையிலும் சட்டப்படி 60 மைல் வேகம்வரை கார் வரலாம். வளைவுகளில் ஓரத்தோடு ஒட்டாமல், பின்னால் வருபவர் கண்ணில் படும்படி ஓட்டுங்கள்.

சாப்பாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமையைக் கவனியுங்கள். 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் அன்று ஆறு மணி நேரம்தான் திறக்கலாம், சிறு கிராமக் கடை திறக்காமலே போகலாம். பப்களில் மதியச் சமையல் முடிந்தால் மறுபடி சாயங்காலம்தான். ஒரு வேளைக்கு அரிசியோ நூடுல்ஸோ எப்போதும் பையில் இருக்கட்டும். விமானத்தில் அடுப்புக்கான கேஸ் குப்பி கொண்டுவர முடியாது, இங்கேயே திருகு வகைக் குப்பி வாங்குங்கள். 100 கிராம் குப்பி, தினம் ஒன்றரை லிட்டர் கொதிக்க வைத்தால், நான்கு நாள் தாராளமாக வரும்.

கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும்: ரயில். சைக்கிளை ஊக்குவிக்கிறோம் என்று பேசும் நாட்டில், நீண்டதூர ரயில்கள் பலவற்றில் சைக்கிளைச் செங்குத்தாகக் கொக்கியில் மாட்டச் சொல்கிறார்கள். அகலமான டயரும் மட்கார்டும் உள்ள சக்கரம் அந்தக் கொக்கியில் பல சமயம் நுழையாது. உயரம் குறைந்தவர்களும் வயதானவர்களும் எப்படித் தூக்குவார்கள் என்று யாரும் யோசித்ததாகவே தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை தண்டவாளப் பணி என்று ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவார்கள், அதில் பெரும்பாலும் சைக்கிளை ஏற்றமாட்டார்கள். அதனால் திரும்புவதை வாரநாளில் வைத்துக்கொள்ளுங்கள். சைக்கிள் முன்பதிவு கேட்கும் ரயில் என்றால், அந்த இடம் உறுதியான பிறகே டிக்கெட் எடுங்கள். ரயில் வருமுன்னே பைகளைக் கழற்றி ஒரே வாரில் கட்டிவிடுங்கள். சைக்கிள் பெட்டி முன்னால் வருமா பின்னால் வருமா என்று நடைமேடை ஊழியரிடம் கேட்டு, அங்கேயே போய் நில்லுங்கள்.