நாய்ஸம் என்றால் இரைச்சல் இல்லை

'இரைச்சலான வகுப்பறை என்று சொல்ல நினைத்து நாய்ஸம் கிளாஸ்ரூம் என்று ஆங்கிலக் கட்டுரையில் எழுதினேன், ஆசிரியர் சுழித்துவிட்டார், நாய்ஸிலிருந்து வந்த சொல்தானே அது?' என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

இல்லை. நீங்கள் எழுதியதற்கு நாற்றமடிக்கும் வகுப்பறை என்று அர்த்தம் ஆகிவிட்டது. ஆனால் அப்படி நினைத்ததில் தப்பே இல்லை, பார்வைக்கு அந்தச் சொல் அப்படித்தான் இருக்கிறது.

எழுத்துகளைப் பிரித்துப் பாருங்கள்: என், ஓ, ஐ, எஸ், ஓ, எம், ஈ. நடுவில் இருக்கும் எஸ், நாய்ஸுடையது இல்லை. டயர்ஸம், டிரபிள்ஸம் போன்ற சொற்களின் கடைசியில் வருகிறதே, அந்த 'ஸம்' விகுதியின் முதல் எழுத்து. அதைக் கழற்றினால் மிஞ்சுவது 'நாய்' என்ற பழைய ஆங்கிலச் சொல், அதாவது எரிச்சலூட்டுவதைக் குறிக்கும் இன்றைய 'அனாய்' தன் முதல் எழுத்தை இழந்து நின்ற வடிவம். தொல்லை, தீங்கு என்று பொருள்.

அனாய் வந்த வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. லத்தீனில் 'மிஹி இன் ஓடியோ எஸ்ட்' என்பார்கள். தமிழில் சொன்னால் 'எனக்கு வெறுப்பாக இருக்கிறது', அந்த 'எனக்கு' உட்பட அப்படியே நம் வாக்கிய அமைப்பு! அதில் உள்ள 'இன் ஓடியோ' ஒட்டிக்கொண்டு ஒரு வினைச்சொல்லாகி, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தது. சலிப்பைக் குறிக்கும் 'ஆன்வி' என்ற பிரெஞ்சுச் சொல்லும் இதே குடும்பம்தான்.

ஆக, நாய்ஸம் முதலில் குறித்தது கெடுதலை. 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் 91ஆம் சங்கீதம் 'நாய்ஸம் பெஸ்டிலன்ஸ்' என்கிறது. தமிழ் பைபிளில் அது 'பாழாக்கும் கொள்ளைநோய்'. அங்கே வாடையும் இல்லை, சத்தமும் இல்லை. துர்நாற்றம் என்ற பொருள் 16ஆம் நூற்றாண்டிலேயே பக்கத்தில் வந்து சேர்ந்துவிட்டது, இன்று பெரும்பாலும் அதுதான் நிலைத்திருக்கிறது. நம் 'நாற்றம்' ஒரு காலத்தில் பூவின் வாசனையையும் குறித்தது, இப்போது கெட்ட வாடைக்கு மட்டும் என்று சுருங்கிவிட்டதில்லையா, சொற்கள் இப்படி இடம் மாறுவது எல்லா மொழியிலும் உண்டு.

சரி, எப்படி எழுதுவது? சத்தத்துக்கு நாய்ஸி. அழுகல், சாக்கடை, புகை என்று மூக்கைப் பொத்த வைக்கும் எதற்கும் நாய்ஸம். அப்புறம், சரியாகவே எழுதினாலும் படிப்பவர்களில் பலர் இரைச்சல் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், அதனால் பக்கத்திலேயே வாடையைச் சொல்லும் ஒரு சொல்லையும் வைத்துவிடுங்கள்.